வாந்தி, வயிற்றுப்போக்கா? நாயின் ஈறைத் தொட்டுப் பாருங்கள்

நாய்க்குத் திடீரென வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால், மேலுதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, 2 நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு பிசுபிசுவென ஒட்டினாலோ, நிறம் திரும்பத் தாமதமானாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் கிளம்பிவிடுங்கள்.

உடம்பில் நீர் குறையும்போது எச்சில் வறண்டு ஈறு ஒட்ட ஆரம்பிக்கும். ரத்த ஓட்டமும் குறைவதால், அழுத்திய இடத்தில் ரத்தம் மெதுவாகத்தான் திரும்பும். சாப்பிடாமல் படுத்திருக்கிறதே என்று குழம்புவதைவிட இது தெளிவான அடையாளம்.

நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பாக இருக்கும், அதில் நிறம் தெரியாது. கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கம் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் குடித்த உடனே பார்த்தால் வறண்ட ஈறும் ஈரமாகத்தான் தெரியும், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

தடுப்பூசி போடாத குட்டி என்றால் இந்தச் சோதனைக்கெல்லாம் நேரம் செலவிடாதீர்கள். பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், தாமதம் உயிரையே பறித்துவிடும். மலத்திலோ வாந்தியிலோ ரத்தம் தெரிந்தாலும் அப்படித்தான். அப்புறம், நமக்கு வாங்கி வைத்த மாத்திரை எதையும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.