அந்த முனகல் யாருடையது?

பிளைண்ட் வில்லி ஜான்சனின் 'டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்' பாட்டை முதல் தடவை கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். 'இருண்ட இரவு, குளிர்ந்த தரை' என்பது தலைப்பு. பாடுகிறவரோ கண் தெரியாதவர், டெக்சாஸ் தெருக்களில் பாடிப் பிழைத்த கறுப்பினத்தவர். அப்புறம் என்ன, படுக்க இடமில்லாத ஏழையின் பாட்டு என்று முடிவுகட்டி விடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டேன்.

அந்தத் தலைப்பு, தாமஸ் ஹாவைஸ் என்ற ஆங்கிலேயப் போதகர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய ஞானப்பாட்டின் முதல் அடி. இடம் கெத்செமனே தோட்டம். சிலுவைக்கு முந்தின இரவு, சீஷர்கள் தூங்கிக்கொண்டிருக்க, இயேசு தரையில் விழுந்து ஜெபிக்கிறார். வியர்வை இரத்தத் துளிகளாய்த் தரையில் விழுந்தது என்று லூக்கா 22:44 சொல்வது அந்த ஞானப்பாட்டிலும் அப்படியே வருகிறது. ஆண்டவரைக் கிடத்திய தரை என்று இரண்டாம் அடி சொல்வதால் இதைக் கல்லறை என்று எண்ணிக்கொள்கிறவர்களும் உண்டு. கல்லறையில் கிடப்பவருக்கு வியர்க்காதே! இது பெரிய வியாழன் இரவு, அடக்கம் செய்த வெள்ளிக்கிழமை இல்லை.

இணையத்தில் ஹாவைஸின் வரிகளை எடுத்து, ஜான்சன் பாடியதாகப் போட்டுவிடுகிறார்கள். 1927 டிசம்பர் 3 அன்று டாலஸில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஜான்சன் பதிவுசெய்ததில் ஒரு சொல்கூடக் கிடையாது. முனகலும் ஸ்லைடு கிட்டாரும் (கம்பிமேல் ஒரு பொருளை வழுக்கி வாசிப்பது) மட்டும்தான். வரி மறந்துபோய் முனகினார் என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளில் ஒருவர் ஓர் அடியைச் சொல்ல, சபையார் அதை இழுத்து இழுத்துப் பாடுவார்கள். சொல் தீர்ந்த இடத்தில் முனகல் தொடங்கும். நீ முனகினால் பிசாசுக்கு ஒன்றும் விளங்காது என்று அங்கே சொல்வதுண்டு. இந்தப் பதிவில் கிட்டார்க் கம்பி ஓர் அடியை இழுக்கிறது, குரல் பின்னாலேயே போகிறது. சில இடத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு சபையே இரண்டாகச் சுருங்கிவிட்ட மாதிரி.

ஜான்சனை 'ப்ளூஸ் பாடகர்', அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உலகியல் இசையைப் பாடுகிறவர், என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். வாசிப்பு ப்ளூஸ்தான், சரி. ஆனால் 1927 முதல் 1930 வரை அவர் பதிவுசெய்த 30 பாட்டில் ஏறக்குறைய எல்லாமே பக்திப் பாட்டுகள். ப்ளூஸைப் பிசாசின் இசை என்று சபையார் பலர் ஒதுக்கிய காலம் அது.

1977இல் பூமியின் ஒலிகளைச் சுமந்து விண்வெளிக்குப் போன வாயேஜர் விண்கலங்களின் தங்க இசைத்தட்டில் இது ஏறியபிறகு, பாட்டு மனித குலத்தின் தனிமையைச் சொல்கிறது என்ற விளக்கம் பரவிவிட்டது. அழகான விளக்கம்தான். ஆனால் கெத்செமனேயில் இருப்பவர் வானத்தை நோக்கித் தனியாகப் புலம்பவில்லை, பிதாவிடம் பேசுகிறார். கடைசியில் ஓர் அல்லேலூயா வரும் என்றும் காத்திருக்காதீர்கள். மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடி, விடியாமலே பாட்டு நின்றுவிடுகிறது.