ஆபத்தான சந்தியைத் திருத்துவிப்பது எப்படி?

ஊர்ச் சந்தியொன்றில் உயிர் ஒன்று போனால் யாழ்ப்பாணத்தில் அடுத்து நடப்பவை ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் நடக்கின்றன. மின்கம்பத்தில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை ஏறுகிறது. ஒரு காலைப்பொழுது வீதியை மறித்துப் போராட்டம் நடக்கிறது. சில நாள்கள் போக்குவரத்துப் பொலிஸார் வந்து நிற்கிறார்கள். பிறகு எல்லாம் பழையபடி ஓடத் தொடங்குகிறது. வீதியின் அமைப்பு மாறாத வரையில் அதில் வாகனம் ஓடும் முறையும் மாறாது. ஆகவே சனசமூக நிலையமோ, பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ, அயலவர் ஐந்தாறு பேரோ சேர்ந்து, உயிர் போவதற்கு முன்னரே ஒரு சந்தியின் அமைப்பை மாற்றுவிப்பதற்குச் செய்ய வேண்டியவற்றை இங்கே விளக்குகிறேன்.

முதல் வேலை, வீதி யாருடையது என்று அறிவதாகும். இதை அறியாமல் எழுதப்படும் மனுக்கள்தாம் மாதக்கணக்கில் மேசைக்கு மேசை அலைகின்றன. ஏ9 எனப்படும் கண்டி வீதி, பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. ஊர்களை இணைக்கும் சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. ஒழுங்கைகளும் ஏனைய உள்வீதிகளும் உள்ளூராட்சி சபைகளைச் சேர்ந்தவை; யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என மொத்தம் 17 சபைகள் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், ஒழுங்கையொன்று பெருவீதியில் வந்து ஏறும் சந்திக்கு இரண்டு உரிமையாளர்கள் இருப்பார்கள். கொக்குவில், இணுவில், சுன்னாகம் பக்கத்தில் தண்டவாளமும் அருகில் கிடந்தால் புகையிரதத் திணைக்களம் மூன்றாவதாக வந்து சேரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம் எழுதுங்கள். ஒரே கடிதத்தில் மூவரையும் விளித்தால், மற்ற இருவரும் பார்த்துக்கொள்வார்கள் என்று மூவரும் இருந்துவிடுவார்கள்.

இரண்டாவது வேலை, சந்தியைப் பார்ப்பது. நாள்தோறும் அந்தச் சந்தியைக் கடப்பவர்கள்கூட அதை நின்று பார்ப்பதில்லை. பாடசாலை தொடங்குவதற்கு முந்திய அரை மணி நேரம், பாடசாலை விடும் நேரம், மாலையில் ரியூசன் விடும் நேரம் ஆகிய மூன்றும் கட்டாயம் பார்க்கப்பட வேண்டியவை. முடியுமானால் மழை நாளொன்றிலும் பாருங்கள். பாடசாலை வாசல் ஒன்றில் காலை 7.15 மணிக்கு என்ன நடக்கிறது? பஸ் வந்து வாசலுக்கு நேரே நிற்கிறது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் அதை வலப்புறமாக விலத்துகிறது; முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, கைபிடியில் சாப்பாட்டுப் பை. அதே கணத்தில் பஸ்ஸின் முன்புறத்தால் ஒரு மாணவி வீதியைக் கடக்க வெளிப்படுகிறாள். அவளை ஓட்டுநருக்கும், ஓட்டுநரை அவளுக்கும் மறைத்தது பஸ். இங்கே எவரும் பெரிய தவறு எதையும் செய்யவில்லை. தரிப்பிடம் தவறான இடத்தில் இருக்கிறது. இப்படி மயிரிழையில் தப்பும் சந்தர்ப்பங்களை நேரம், இடம், வாகன வகை ஆகியவற்றுடன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். விபத்துப் பதிவேட்டில் இவை ஒருபோதும் ஏறுவதில்லை. அடுத்த விபத்து எப்படி நிகழும் என்பதை முன்கூட்டியே காட்டுபவையும் இவைதாம்.

மூன்றாவது வேலை வேகத்தை அளப்பது. இதற்கு ராடார் கருவி தேவையில்லை. சந்திக்குச் சற்று முன்னால் வீதியோரத்தில் 100 மீற்றரை நாடாவால் அளந்து, இரு முனைகளிலும் மின்கம்பம், மதகு போன்ற அசையாத பொருள்களை அடையாளமாகக் கொள்ளுங்கள். முதல் அடையாளத்தை வாகனம் கடக்கும்போது ஒருவர் கை உயர்த்த, மற்றவர் கைத்தொலைபேசியின் நிறுத்தற்கடிகாரத்தை ஓடவிட்டு, இரண்டாம் அடையாளத்தில் நிறுத்த வேண்டும். மீற்றரைச் செக்கனால் வகுத்து 3.6 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது கிடைக்கும். 100 மீற்றரை 12 செக்கனில் கடந்தால் வேகம் 30, 7.2 செக்கனில் கடந்தால் 50. 6 செக்கனில் கடந்தால் 60. நூறு வாகனங்களை அளந்து வேக வரிசையில் அடுக்கி, கூடிய வேகத்திலிருந்து எண்ணிப் பதினைந்தாவதாக உள்ள வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறியியலாளர்கள் சராசரியை விட இந்த எண்ணையே பெரிதாக மதிப்பார்கள். உங்களைக் கண்டவுடன் ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைப்பார்கள் என்பதால், மரநிழலில் பேசிக்கொண்டு நிற்பவர்களைப் போல நிற்பது நல்லது. யாழ்ப்பாணத்தில் அது எவருக்கும் வித்தியாசமாகத் தெரியாது.

வேகம் இவ்வளவு முக்கியமாவதன் காரணத்தைக் கூட்டங்களில் விளக்க வேண்டி வரும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் செல்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு செக்கனாவது வேண்டும். மிதித்த பிறகு, காய்ந்த வீதியில் நல்ல பிரேக் உள்ள வாகனமும் மேலும் 14 மீற்றர் அளவு ஓடியே நிற்கும். ஆக மொத்தம் 28 மீற்றர். 30 கிலோமீற்றர் வேகத்தில் இதே கணக்கு 13 மீற்றர்தான். பிள்ளையொன்று 20 மீற்றர் தூரத்தில் குறுக்கே வந்தால், 30இல் வந்தவர் பிள்ளைக்கு முன்னரே நின்றுவிடுவார். 50இல் வந்தவர் மணிக்கு 35 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் மோதுவார். வீதிப் பாதுகாப்பு பற்றி 2020 பெப்ரவரியில் வெளியான ஸ்ரொக்ஹோம் பிரகடனம், நடப்பவர்களும் சைக்கிளோட்டிகளும் வாகனங்களுடன் அடிக்கடி கலக்கும் இடங்களில் 30 கிலோமீற்றரை உச்ச வேகமாக்கும்படி கேட்டதும் இதனால்தான். இலங்கைச் சட்டம் குடியிருப்புப் பகுதிகளில் கார்களுக்கு அனுமதிக்கும் 50 கிலோமீற்றர், பாடசாலை வாசலுக்கு அதிகம் என்பது என் கருத்து. காபெட் போடப்பட்ட வீதிகளில் அந்த 50உம் மதிக்கப்படுவதில்லை. குண்டும் குழியுமாகக் கிடந்த காலத்தில் வீதியே வேகத்தைக் கட்டுப்படுத்தியது. காபெட் போட்டபோது அந்தக் கட்டுப்பாடு போனது, அதற்கு மாற்றீடாக எதுவும் வைக்கப்படவில்லை.

பார்வைத் தூரத்தை அளப்பது எளிது, ஆனால் பலரும் விட்டுவிடும் வேலை. ஒழுங்கையின் வாயில், பெருவீதி விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் உள்ளே, ஒரு சைக்கிளில் அமர்ந்தபடி வலப்புறம் பாருங்கள்; அங்கிருந்துதான் முதல் வாகனம் வரும். எந்த இடத்தில் வாகனம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது என்பதை அளந்து எழுதுங்கள். 50 மீற்றருக்குக் குறைவாக இருந்தால் அதுவே ஒரு தனி முறைப்பாட்டுக்குப் போதும். கிளுவை வேலிகள் இருந்த இடத்தில் ஆளுயர மதில்களும் தகர வேலிகளும் எழுந்துவிட்டதால் பல முடக்குகள் குருடாகிவிட்டன. வீதியோர மதில் கட்டுவதற்குச் சபையின் அனுமதி வேண்டும் என்பதால், மூலையைச் சரிவாக வெட்டி விடுமாறு நிபந்தனை போடும்படி சபையைக் கேட்கலாம். ஏற்கனவே கட்டிய மதிலானால் வீட்டுக்காரரிடம் ஊர்ப் பெரியவர்கள் போய்ப் பேசுவதே விரைவான வழி. விளம்பரப் பலகைகள், கைவிடப்பட்ட கற்குவியல்கள், சென்ற ஆண்டு இறந்தவருக்காகக் கட்டிய அஞ்சலிப் பதாகை ஆகியவையும் பார்வையை மறைக்கும். இவற்றை அகற்ற எந்தத் திணைக்களத்தின் அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை, உரியவர்களிடம் சொல்லிவிட்டுக் கழற்றினால் போதும்.

இனி எதைக் கேட்பது என்பது. ‘தகுந்த நடவடிக்கை எடுக்கவும்’ என்று முடியும் கடிதத்துக்கு, ‘கவனத்தில் எடுக்கப்பட்டது’ என்ற பதிலே வரும். பாடசாலை வாசலுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது உயர்த்தப்பட்ட பாதசாரிக் கடவை: தட்டையான மேற்பரப்புடன், இரு பக்கமும் சாய்வாக ஏறி இறங்கும் கடவை. நடப்பவருக்கு இடத்தையும் வாகனத்துக்கு வேகக் குறைப்பையும் அது ஒன்றாகத் தருகிறது. வெறும் கோடுகளால் ஆன கடவை வேகத்தைக் குறைப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பொய்யான நம்பிக்கையைக் கொடுத்துவிடும் ஆபத்தும் அதில் உண்டு. அடுத்ததாக, பஸ் கடவையைத் தாண்டிய பிறகு நிற்கும்படி தரிப்பிடத்தை மாற்றக் கேளுங்கள். அப்போது இறங்கியவர்கள் பஸ்ஸின் பின்னால் கடப்பார்கள். கடவையின் மேல் மின்விளக்கு, வீதியோர வெள்ள வாய்க்காலுக்கு மூடி என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் திறந்து கிடந்தால், மாரியில் ஓரத்தில் வெள்ளம் நிற்கும்போது சைக்கிளோட்டி நடுவீதிக்கு வரும்படி ஆகிறது.

ஊரவர்கள் தாமாகச் சீமெந்தைக் குழைத்து வேகத்தடை போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வட்ட முதுகுள்ள முறையான வேகத்தடை 3.7 மீற்றர் நீளமும் 75 முதல் 100 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. ஓரடி அகலத்தில் அரையடி உயரத்துக்கு இரவோடு இரவாக எழும்பும் திட்டு, வெள்ளைக் கோடும் விளக்கும் இல்லாமல், மழை இரவில் வரும் மோட்டார் சைக்கிள்காரரைத் தூக்கி எறியும். நோயாளர் காவுவண்டியில் கிடக்கும் கர்ப்பிணியையும் அது குலுக்கும்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். வட மாகாணத்தின் நிருவாக மொழி தமிழ், கொழும்புத் தலைமையகங்களுடனும் தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் உள்ளது. அதன் நடுப்பகுதி ஏறத்தாழ இவ்வாறு அமைந்தால் போதும். எண்கள் மாதிரிக்கு மட்டுமே:

“மேற்படி சந்தியில் பாடசாலை நாள்களில் காலை 7.00 மணி முதல் 7.30 மணி வரை 100 வாகனங்களின் வேகத்தை அளந்தோம். அவற்றுள் 15 வாகனங்கள் மணிக்கு 62 கிலோமீற்றர் அல்லது அதனிலும் கூடிய வேகத்தில் சென்றன. அதே நேரத்தில் 140 மாணவர்கள் வீதியைக் கடந்தனர். ஒழுங்கையிலிருந்து வலப்புறப் பார்வை 18 மீற்றருடன் மதிலால் மறைக்கப்படுகிறது. எனவே பாடசாலை வாசலில் உயர்த்தப்பட்ட பாதசாரிக் கடவை ஒன்றை அமைத்து, பஸ் தரிப்பிடத்தைக் கடவைக்கு அப்பால் மாற்றுமாறும், தங்கள் பொறியியலாளர் பாடசாலை தொடங்கும் நேரத்தில் நேரில் வந்து பார்வையிடும் திகதியை அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.”

கடைசிக் கோரிக்கை முக்கியமானது. காலை பத்து மணிக்கு வந்து பார்க்கும் பொறியியலாளருக்குச் சந்தி அமைதியாகவே தெரியும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை அதிபருக்கும், பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுப் பொறுப்பதிகாரிக்கும், வட்டார உறுப்பினருக்கும் கொடுங்கள். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் ஊருக்கென்று கேட்க உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள் என்பதால், சபை அமர்வில் பிரேரணையாகவும், பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் விடயமாகவும் இதை வைக்கச் சொல்லுங்கள். கூட்டக் குறிப்பில் ஏறிய விடயத்துக்கு அடுத்த கூட்டத்தில் எவராவது பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்பதை விட, ‘எமது கடிதம் எந்தக் கோப்பில் உள்ளது, அதில் எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதியைத் தருக’ என்று கேட்பதே பலன் தரும். அதேபோல, கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்த வீதித் துண்டில் பதிவான விபத்துகளின் எண்ணிக்கையைப் பொலிஸாரிடம் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன் பின் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

இவ்வளவையும் அரச அலுவலகங்களிடம் கேட்கும் நாம், வாசலில் நெரியும் வாகனங்களில் பெரும்பகுதி நம்முடையவை என்பதையும் பார்க்க வேண்டும். வீதி ஆபத்தானது என்பதால் பெற்றோர் பிள்ளையை மோட்டார் சைக்கிளிலோ காரிலோ ஏற்றி வருகிறார்கள். அப்படி ஏற்றி வருவதால் வாசல் மேலும் ஆபத்தாகிறது. அதைக் கண்ட அடுத்த வீட்டுக்காரரும் சைக்கிளை ஓரங்கட்டுகிறார். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது, வீதிகளோ அகலவில்லை. மேடு பள்ளமற்ற இந்தக் குடாநாடு போர்க்கால எரிபொருள் தடைக் காலம் முழுவதும் சைக்கிளிலேயே ஓடியது; 2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோதும் சைக்கிள்கள்தாம் திரும்பி வந்தன. ஆகவே பாடசாலையுடன் பேசி, வாகனங்கள் நூறு, இருநூறு மீற்றர் தள்ளி, கோயில் வெளியிலோ விளையாட்டுத் திடலிலோ பிள்ளைகளை இறக்கிவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவாருங்கள். சைக்கிளில் வரும் மாணவர்களைப் பத்து நிமிடம் முந்தி விடுவதற்கு ஒரு சதமும் செலவில்லை. ரியூசன் விடும் நேரத்துக்குப் பஸ் இல்லாத ஊர்களில், இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் சாலைக்கும் (டிப்போ) வடக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைக்கும் நேர அட்டவணை மாற்றம் கேட்டு இன்னொரு கடிதம் எழுதலாம். எத்தனை பிள்ளைகள் ஏறுவார்கள் என்ற எண்ணிக்கையும் அதில் இருக்க வேண்டும்.

கடவை கட்டப்பட்ட பிறகு அதே இடத்தில், அதே நேரத்தில், அதே முறையில் நூறு வாகனங்களின் வேகத்தை மீண்டும் அளந்து பொறியியலாளருக்கு அனுப்புங்கள். குறைந்திருந்தால் அடுத்த ஊருக்கு அந்தத் தாள் உதவும். குறையாவிட்டால் சாய்வு போதாது என்று காட்டி மீண்டும் கேட்கலாம். கோடுகள் ஒரு மாரியிலேயே மங்கிவிடக் கூடும் என்பதால், தை மாதத்தில் ஒரு நினைவூட்டல் கடிதம் அனுப்பும் பொறுப்பைச் சங்கச் செயலாளரின் கடமைகளில் சேர்த்து, நிருவாகக் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள்.