கேட்டஸ்ட்ராஃபிக் பிளான் எதுக்கெல்லாம் காசு குடுக்கும்? படிப்படியா பாப்போம்

அமெரிக்காவுல புதுசா வேலைக்கு சேந்து, கம்பெனில இன்சூரன்ஸ் இல்லாம மார்க்கெட்பிளேஸ்ல (தனியாளா இன்சூரன்ஸ் வாங்குற அரசாங்க சந்தை) தேடுற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் இந்த கேட்டஸ்ட்ராஃபிக் பிளானோட (பெரிய நோய், விபத்துக்குன்னு எடுக்குற ஹெல்த் இன்சூரன்ஸ்) மாசக் கட்டணத்த மட்டும் பாத்துட்டு எடுத்துடுறீங்க, கொஞ்சம் பொறுங்க.

படி 1: உங்களுக்கு கிடைக்குமா? 30 வயசுக்குள்ள இருக்கணும். அதுக்கு மேலன்னா ஹார்ட்ஷிப் எக்ஸெம்ப்ஷன் (கஷ்ட நிலைமைக்கு குடுக்குற விலக்கு) மாதிரி ஏதாவது வாங்கியிருக்கணும்.

படி 2: டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் காசு குடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வருஷத்துக்கு நீங்க கட்ட வேண்டிய தொகை. இத புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. 2026ல ஒரு ஆளுக்கு 10,600 டாலர். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் பண்றீங்க, நெட்வொர்க் (இன்சூரன்ஸ் கம்பெனியோட ஒப்பந்தம் போட்ட ஆஸ்பத்திரி, டாக்டருங்க) ரேட்படி பில் 32,000 வருதுன்னு வைங்க, முதல் 10,600 உங்க கையில இருந்து போகும், மீதி 21,400 இன்சூரன்ஸ் குடுக்கும். அதுக்கப்புறம் அந்த வருஷம் முடியுற வரைக்கும் நெட்வொர்க்குக்குள்ள கவர் ஆகுற எதுக்கும் நீங்க காசு கட்ட வேணாம். ஆஸ்பத்திரி, பிரசவம், மனநல சிகிச்சை, மருந்து எல்லாம் இதுல வரும். ஆனா ஜனவரி 1 வந்தா கணக்கு திரும்ப பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும், அதனால டிசம்பர் கடைசில அட்மிட் ஆனா ரெண்டு வருஷ கணக்குலயும் அடி விழலாம்.

படி 3: டிடக்டிபிளுக்கு முன்னாடியே கிடைக்கிறது. வருஷத்துக்கு 3 பிரைமரி கேர் (வழக்கமா பாக்குற பொது டாக்டர்) விசிட், அப்புறம் தடுப்பூசி, பிபி செக்கப் மாதிரி பிரிவென்டிவ் கேர் (நோய் வராம தடுக்குற கவனிப்பு) இலவசம். எனக்கு தெரிஞ்ச ஒரு தம்பி இலவச செக்கப்னு போனவன், அங்கயே முட்டி வலியையும் சொல்லி எக்ஸ்ரே எடுத்துக்கிட்டான், எக்ஸ்ரேக்கு தனியா பில் வந்து நிக்குது. வலின்னு சொல்லி பாத்தா அது பிரிவென்டிவ் கணக்குல வராது, அதனால டெஸ்ட் எழுதும்போதே "இது எந்த கணக்குல போகும்"னு கேட்டுடுங்க, கூச்சப்படாதீங்க.

படி 4: நெட்வொர்க். வெளிய போய் பாத்தா பெரும்பாலும் முழு காசும் உங்களோடது. ஆனா எமர்ஜென்சிக்கு 2022ல இருந்து சட்டப் பாதுகாப்பு இருக்கு.

படி 5: இதுக்கு டாக்ஸ் கிரெடிட் (மாசக் கட்டணத்த குறைக்குற அரசு மானியம்) கிடையாது! உங்க வருமானத்துக்கு மானியம் வருதுன்னா மார்க்கெட்பிளேஸ்ல இருக்குற பிரான்ஸ் (Bronze), சில்வர் (Silver) வகை பிளான் இதவிட மலிவா கூட அமையலாம், அதையும் ஒரு தடவ போட்டு பாத்துட்டு எடுங்க. 2026ல இருந்து இந்த பிளானோட எச்எஸ்ஏ (மருத்துவ செலவுக்கான வரிவிலக்கு சேமிப்பு) கணக்கும் தொடங்கலாம், அந்த 10,600ஐ வரி இல்லாம கொஞ்சம் கொஞ்சமா சேத்து வைக்க அது உதவும்.