ஸ்ட்ரூப் சோதனையை நீங்களே வடிவமைப்பது எப்படி? (எந்தப் பட்டியலை முதலில் கொடுப்பது என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்)

முதுகலைச் செய்முறைக்காக இந்தச் சோதனையைச் செய்தபோது இருபது பேரிடம் எடுத்த தரவு முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. வேறு யாருக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சடித்துக் கொடுத்து, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்லுங்கள் என்றால் நாக்கு தடுமாறும். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் இதை அளந்து வெளியிட்டார். வெறும் வண்ணக் கட்டங்கள் நூற்றுக்குச் சராசரியாக 63.3 விநாடி ஆனது, நிறமும் சொல்லும் முரண்படும் நூறு சொற்களுக்கு 110.3 விநாடி. வித்தியாசம் இவ்வளவு பெரிது என்பதால் சின்னக் குழுவிலும் தெரிந்துவிடும். முதல் பரிசோதனைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

படி 1: கருதுகோள். முரண்பட்ட பட்டியலுக்கு அதிக நேரம் ஆகும், அவ்வளவுதான். நீங்கள் மாற்றுவது பட்டியலின் வகை, அது சாரா மாறி. அளப்பது விநாடி, அது சார்ந்த மாறி.

படி 2: பட்டியல்கள். முரண்பட்ட பட்டியலுக்கு எதிரே ‘சிவப்பு’ என்பதைச் சிவப்பிலேயே அச்சடித்த பட்டியலை வைக்கும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது, ஏனென்றால் அதில் ஒருவர் நிறத்தையே பார்க்காமல் சொல்லை மட்டும் படித்துக்கொண்டு போனாலும் விடை சரியாகத்தான் வரும், அவர் எதைச் செய்தார் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. ஸ்ட்ரூப் மாதிரி வண்ணக் கட்டங்களையே வையுங்கள். பட்டியலுக்கு நாற்பது போதும், ஒரே நிறம் அடுத்தடுத்து வர வேண்டாம். வெள்ளைத் தாளில் மஞ்சள் எடுபடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு, அதனால் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 3: வரிசை. இங்கேதான் நான் விழுந்தேன். எல்லோருக்கும் முதலில் கட்டங்கள், அப்புறம் முரண்பட்ட சொற்கள் என்று கொடுத்தேன். முடிவு அழகாக வந்தது. வழிகாட்டி ஆசிரியை தாளைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “எல்லாரும் ரெண்டாவதா செஞ்சது எதும்மா?” என்னிடம் பதில் இல்லை. நேரம் கூடியது சொல் முரண்பட்டதாலா, இரண்டாவது சுற்றில் அலுத்துப்போனதாலா? இல்லை, முதல் சுற்றில் கிடைத்த பழக்கத்தால் உண்மையான வித்தியாசம் குறைந்து தெரிகிறதா? என் தரவை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

பாதிப் பேருக்குக் கட்டங்கள் முதலில், மீதிப் பேருக்குச் சொற்கள் முதலில் என்று பிரித்துவிட்டால் பழக்கமும் அலுப்பும் இரண்டு பட்டியல்களுக்கும் பங்காகிவிடும். ஆனால் யார் எந்தப் பாதி என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். முதலில் வந்தவர்களை ஒரு பக்கம் போட்டால், காலையில் வந்தவர்கள் ஒரு குழு, சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் இன்னொரு குழு என்று ஆகிவிடும். நாணயம் சுண்டினால் 15-க்கு 9 என்று கோணலாகவும் விழலாம். நான் இப்போது செய்வது: 24 துண்டுச் சீட்டு, பன்னிரண்டில் ‘க’ (கட்டங்கள் முதலில்), பன்னிரண்டில் ‘சொ’ (சொற்கள் முதலில்), நான்காக மடித்து ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, வருபவரையே ஒன்று எடுக்கச் சொல்வேன். எடுத்த சீட்டைத் திரும்பப் போடக் கூடாது.

படி 4: நடத்துவது. நிறங்களை வாய்விட்டுச் சொல்லும் பட்டியலுக்குக் கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச் போதும், வித்தியாசம் விநாடிக் கணக்கில் வருகிறது. ஒவ்வொரு சொல்லாகத் திரையில் காட்டி மில்லிவிநாடியில் அளக்க வேண்டுமென்றால் சைக்கோபை என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம்தான், ஆனால் முதல் தடவையே அதில் இறங்க வேண்டாம். ஒப்புதல் வாங்குங்கள், நடுவில் எழுந்து போகலாம் என்பதையும் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்திவிட்டுத் தொடர வேண்டுமா, யாருடைய தரவை எப்போது நீக்குவீர்கள் என்பதையெல்லாம் முதல் ஆளை உட்கார வைக்கும் முன்பே தேதி போட்டு எழுதிவிடுங்கள். தரவைப் பார்த்த பிறகு விதி எழுதினால் மனம் நமக்குச் சாதகமாகவே எழுதும். 2015-இல் வெளியான பெரிய மறுபரிசோதனை முயற்சி ஒன்றில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள், 36 சதவீதத்தில்தான் புள்ளியியல் ரீதியாகப் பொருளுள்ள, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவு வந்தது. தரவைப் பார்த்த பிறகு விதி எழுதும் பழக்கத்துக்கும் அதில் பங்குண்டு என்று நம்புகிறேன்.

படி 5: கணக்கு. ஒவ்வொருவருக்கும் இரண்டு நேரத்தையும் கழித்து, அந்த வித்தியாசங்களின் சராசரியைப் பாருங்கள். ஒரே ஆளிடம் இரண்டு முறை அளந்ததால் இணை டி-சோதனைதான் (இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் கணக்கு) பொருந்தும். ஜாஸ்ப் என்ற இலவச மென்பொருள் போதும். ‘க’ சீட்டுக்காரர்களையும் ‘சொ’ சீட்டுக்காரர்களையும் தனித்தனியாகவும் பாருங்கள். இரண்டிலும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரே அளவில் வராவிட்டால், வரிசைக்கும் ஒரு பாதிப்பு இருந்திருக்கலாம் என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் ஒருவர், தன்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் ‘நீலம்’ என்பதற்குப் பதில் ‘புளூ’ என்றும், ஓரிருவர் ‘ஊதா’ என்றும் சொன்னதாக எழுதியிருந்தார். நான் யோசிக்கவே இல்லாத விஷயம். படிக்கும் மொழியும் பதில் சொல்லும் மொழியும் வேறானால் தடுமாற்றம் பொதுவாகக் குறையும், ஆகவே ஆளுக்கு ஆள் மொழி மாறினால் அளவும் மாறும். இப்போது நான்கு வண்ணக் கட்டங்கள் உள்ள மாதிரி அட்டை ஒன்றை முதலில் காட்டி, ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயரை அவர்களையே இரண்டு முறை சொல்லச் சொல்லிவிட்டுத்தான் ஸ்டாப்வாட்சை எடுக்கிறேன்.