ஒரு வரி திருத்தினேன், 312 வரி மாறியது: விஎஸ் கோடில் செட்டிங்ஸ் மோதலைக் கண்டுபிடிக்கும் வழி

போன மாதம், நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலைத் திறந்து, ஒரே ஒரு வரியைத் திருத்தி சேவ் செய்தேன். யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் 'கிட்' மென்பொருளில் பார்த்தால் 312 வரி மாறியிருந்தது. அந்த ஃபைலில் என்னைத் தவிர இன்னும் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். யாருடைய திருத்தம் எது, எடிட்டர் நகர்த்திய இடைவெளி எது என்று பிரித்துப் பார்ப்பதிலேயே ஒரு மத்தியானம் போனது. அடுத்தவர் நேரத்தையும் சேர்த்துத் தின்கிற பிழை இது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

இப்படி நடந்ததும் செட்டிங்ஸைத் திறந்து புதிதாக ஒரு வரி சேர்க்கத்தான் கை போகும். சேர்க்காதீர்கள். ஏற்கெனவே இரண்டு இடத்தில் இரண்டு மதிப்பு மோதிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது வந்தால் தேட வேண்டிய இடம்தான் கூடும்.

முதலில் ஃபைலைத் திறந்து, திரையின் கீழே வலப்பக்கம் பாருங்கள். 'ஸ்பேசஸ்: 4' என்பதுபோல் இருக்கும். வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கு, இந்த ஃபைலில் எடிட்டர் இப்போது உண்மையில் பயன்படுத்தும் அளவு (டேப் அளவு) அதுதான். நீங்கள் செட்டிங்ஸில் எழுதியது வேறாக இருந்தால், நடுவில் யாரோ மாற்றுகிறார்கள்.

பெரும்பாலும் அது 'டிடெக்ட் இண்டென்டேஷன்'. ஃபைலைத் திறக்கும்போதே உள்ளே இருக்கும் இடைவெளியைப் பார்த்து, நீங்கள் கொடுத்த டேப் அளவை ஒதுக்கிவிட்டுத் தானே ஒன்றை எடுத்துக்கொள்ளும். இது முதலிலிருந்தே ஆனில்தான் இருக்கும். எனக்கு எப்போதும் 4 வேண்டும் என்று முன்பு எப்போதோ இதை ஆஃப் செய்திருந்தேன். என் சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

அடுத்து அடுக்குகள். எடிட்டரோடு வரும் மதிப்புக்கு மேல் யூசர் செட்டிங்ஸ், அதற்கு மேல் ப்ராஜெக்டின் வொர்க்ஸ்பேஸ் செட்டிங்ஸ். மேலே இருப்பது ஜெயிக்கும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, ஒரு மொழிக்கென்று தனியாக எழுதிய செட்டிங், மொழி சொல்லாமல் எழுதிய செட்டிங்கை அடுக்கு பார்க்காமல் வென்றுவிடும் என்பது. எங்கள் ப்ராஜெக்டின் வொர்க்ஸ்பேஸில் டேப் அளவு 2 என்று பொதுவாக எழுதியிருந்தது. என் யூசர் செட்டிங்ஸில் ஜாவாஸ்கிரிப்டுக்கு மட்டும் 4. ப்ராஜெக்ட் சொல்வதுதான் நடக்கும் என்று நம்பியிருந்தேன், நடந்தது என்னுடையது. கூடவே, சேவ் செய்யும்போதே ஃபைலை ஒழுங்குபடுத்தும் 'ஃபார்மட் ஆன் சேவ்' ஆனில் இருந்ததால், சேவ் செய்த நொடியில் ஃபைல் முழுதும் 4-க்கு நகர்ந்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க, செட்டிங்ஸ் பக்கத்தின் தேடல் பெட்டியில் 'டேப் சைஸ்' என்று தேடுங்கள். வேறு அடுக்கிலும் அது மாற்றப்பட்டிருந்தால் பெயருக்குப் பக்கத்திலேயே சொல்லும். பிறகு அட் குறி, லேங், முக்காற்புள்ளி, மொழியின் பெயர் என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடித்தால் அந்த மொழிக்கான மதிப்பு தெரியும். அட் குறியோடு 'மாடிஃபைட்' என்று அடித்தால் நீங்கள் மாற்றியவை மட்டும் வரும். வருஷக்கணக்கில் மறந்துபோனதெல்லாம் அதில் கிடைக்கும். செட்டிங்ஸ் எழுதப்பட்டிருக்கும் ஜேசான் ஃபைலை நேராகத் திருத்துபவர்கள் ஒரே பெயர் இரண்டு முறை இருக்கிறதா என்றும் பாருங்கள். கீழே இருப்பதுதான் செல்லும்.

நான் செய்த தீர்வு: என் ஜாவாஸ்கிரிப்ட் பகுதியிலிருந்து அந்த 4-ஐ நீக்கினேன், டிடெக்ட் இண்டென்டேஷனைத் திரும்ப ஆன் செய்தேன். ப்ராஜெக்டில் இருந்த 2-ஐ ஜாவாஸ்கிரிப்ட் பகுதிக்குள் நகர்த்தினேன். இரண்டு பக்கமும் மொழிக்கென்று எழுதியிருந்தால் வொர்க்ஸ்பேஸ்தான் ஜெயிக்கும் என்பதால் வேறு யாருக்கும் இது வராது. பழைய, பலர் தொடும் ஃபைல்களுக்கு 'ஃபார்மட் ஆன் சேவ் மோட்' என்பதை 'மாடிஃபிகேஷன்ஸ்' என்று வைத்தேன். நாம் திருத்திய வரிகள் மட்டும் ஒழுங்காகும். கலந்துபோன பிறகு பார்ப்பவர்கள், கிட் டிஃப் கட்டளையோடு ஹைஃபன் டபிள்யூ சேர்த்தால் இடைவெளி மாற்றங்கள் மறைந்து உண்மையான திருத்தம் மட்டும் தெரியும். அது அன்று நினைவுக்கு வந்திருந்தால் அந்த மத்தியானம் மிஞ்சியிருக்கும்.

எடிட்டரோடு சேர்க்கும் துணை நிரல்தான் எக்ஸ்டென்ஷன். இடைவெளி போன்ற விதிகளைத் தனி ஃபைலிலிருந்து எடுக்கும் எடிட்டர்கான்ஃபிக் எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தால் இன்னொரு இடமும் பார்க்க வேண்டும். அது ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து மேலே மேலே ஏறித் தன் ஃபைலைத் தேடும். 'ரூட்' என்று குறித்த ஒன்று வரும்வரை நிற்காது. ஹோம் ஃபோல்டரில் எப்போதோ போட்டுவைத்த ஒன்றுகூட ப்ராஜெக்டுக்குள் புகுந்துவிடும்.

பிழைக்குக் காரணம் எந்த எக்ஸ்டென்ஷன் என்றே தெரியவில்லையா? ஒவ்வொன்றாக அணைக்க வேண்டாம். எடிட்டரின் கட்டளைகளைத் தேடி ஓட்டும் பெட்டியான கமாண்ட் பேலட்டில் 'ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' இருக்கிறது. பாதியை அணைத்துவிட்டு, பிழை இருக்கிறதா என்று கேட்கும். பிறகு அதில் பாதி. 40 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஆறேழு கேள்விக்குள் ஆள் பிடிபடும்.

லினக்ஸில் தமிழ் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒன்று. கண்ட்ரோல்-ஸ்பேஸ் அழுத்தினால் பரிந்துரைப் பட்டியல் வரவில்லை என்று எக்ஸ்டென்ஷன்களைக் குடைய வேண்டாம். கமாண்ட் பேலட்டில் 'டாகிள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் ட்ரபிள்ஷூட்டிங்' கொடுத்துவிட்டு அந்த விசைகளை அழுத்துங்கள். எந்த விசைக்கு எந்தக் கட்டளை ஓடியது என்று கீழே எழுதிக்கொண்டே வரும். உங்கள் கண்ட்ரோல்-ஸ்பேஸ் அங்கே வரவே இல்லையென்றால், அது எடிட்டரை எட்டவே இல்லை. லினக்ஸில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் எஃப்சிஐடிஎக்ஸ் மென்பொருள், தமிழுக்கு மாற அதே விசைகளைத்தான் முதலிலிருந்தே வைத்திருக்கும். அதன் அமைப்பில் நான் சூப்பர்-ஸ்பேஸ் என்று மாற்றினேன். பட்டியல் உடனே வந்தது.