'நோ சிக்னல்' வந்ததும் நாம் செய்யும் தவறுகள்

கம்ப்யூட்டரைப் போடுகிறோம். மானிட்டர் ஒரு கணம் விழிக்கிறது, கறுப்புத் திரையின் நடுவில் சின்னதாக ஒரு பெட்டி வருகிறது: 'நோ சிக்னல்'. சில நொடியில் அதுவும் மறைந்து, பவர் லைட் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். உடனே வாயில் வருவது, "மானிட்டர் போச்சு." முதல் தவறே இதுதான். அந்த இரண்டு சொல்லைத் திரையில் காட்டவே பேனலும் அதன் பின்விளக்கும் பவரும் ஒழுங்காக இருந்தாக வேண்டும். கேபிள் மாட்டும் போர்ட் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சந்தேகத்தை அங்கே தொடங்கக் கூடாது. கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ கம்ப்யூட்டர் பக்கத்திலோதான் இருக்கும்.

திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சரியாகப் படிக்க வேண்டும். 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' அல்லது 'இன்புட் நாட் சப்போர்ட்டட்' என்று வந்தால் அது வேறு கதை. சிக்னல் வந்துவிட்டது, மானிட்டரால் காட்ட முடியாத ரெசல்யூஷனிலோ (படத்தின் புள்ளிகளின் எண்ணிக்கை) ரெஃப்ரெஷ் ரேட்டிலோ (நொடிக்கு எத்தனை தடவை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது) வந்திருக்கிறது. அதற்குக் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும்.

அடுத்தது இன்புட், அதாவது மானிட்டர் எந்தப் போர்ட்டிலிருந்து படத்தை எடுக்கிறது என்பது. மானிட்டரின் பின்னால் எச்டிஎம்ஐ இரண்டு, டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று என்று படம் வரும் போர்ட்கள் இருக்கும். கேபிள் இருப்பது எச்டிஎம்ஐ 2-இல், மானிட்டர் பார்த்துக்கொண்டிருப்பது எச்டிஎம்ஐ 1-ஐ. 'ஆட்டோ' என்று வைத்திருந்தாலும் எல்லா மானிட்டரும் தானாகத் தேடிப் பிடிப்பதில்லை. மெனு பட்டனை அழுத்தி, எந்தப் போர்ட்டில் கேபிள் இருக்கிறதோ அதையே கையால் தேர்ந்தெடுங்கள். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் கேபினெட்டைத் திறந்தவர்கள் ஏராளம்.

கேபிளை "தொட்டுப் பார்த்தேன், டைட்டாகத்தான் இருக்கு" என்பதும் சோதனை ஆகாது. இரண்டு முனையையும் முழுக்கக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். எச்டிஎம்ஐ கேபிளுக்குப் பூட்டு கிடையாது. மேசையை நகர்த்தினால், கேபிளின் எடையே அதைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிடும். டிஸ்ப்ளேபோர்ட் நேர்மாறு. பல கேபிள்களில் மேலே ஒரு சின்ன பட்டன் இருக்கும், அதை அழுத்தாமல் பிடுங்கினால் போர்ட்டோடு பெயர்ந்து வரலாம். பழைய வகையான விஜிஏ கேபிள் என்றால் முனையில் உள்ள ஊசி போன்ற பின் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்தில் ஒரு பின், குறிப்பாக நடு வரிசையில் 9-ஆவது, இல்லாமலே வரும் கேபிள்கள் நிறைய. அது உடைந்தது என்று நினைத்துத் தூக்கிப் போட வேண்டாம்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு (திரைக்கான படத்தை உருவாக்கும் பலகை) உள்ள கம்ப்யூட்டரில் அதிகம் நடக்கும் தவறு, கேபிளை மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகமும் பொருந்தும் முதன்மைப் பலகையில், மாட்டுவது. கேபினெட்டின் பின்பக்கம் பாருங்கள். யூஎஸ்பி, ஆடியோ, நெட்வொர்க் ஓட்டைகளோடு கூட்டமாக இருப்பவை மதர்போர்டின் போர்ட்கள். அதற்குக் கீழே, தனித் தகட்டில் படுக்கை வரிசையாக இருப்பவை கார்டின் போர்ட்கள். கார்டு இருந்தால் கேபிள் அங்கேதான் போக வேண்டும். கை முதலில் மேலே இருப்பதில் போய்விடும், அதுதான் சிக்கல். பல கம்ப்யூட்டர்களில் கார்டு இருப்பது தெரிந்ததும் மதர்போர்டின் வீடியோ அணைந்துவிடும். வேறு சிலவற்றில் அந்தப் போர்ட்டுக்கு உயிரே கிடையாது. இன்டெலில் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்று முடியும் பிராசசர்களுக்கு, உதாரணமாக ஐ5 12400எஃப், உள்ளேயே வரும் கிராஃபிக்ஸ் இல்லை. மதர்போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், அதன் வழியே ஒன்றும் வராது. கார்டைப் புதிதாக மாட்டியிருந்தால், பவர் சப்ளையிலிருந்து வரும் 6 பின் அல்லது 8 பின் ஒயரை அதில் சொருகினீர்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஃபேன் சுற்றுகிறதே என்பது அதற்குச் சாட்சி ஆகாது.

இனி கன்வெர்ட்டர் சமாசாரம். இரண்டு முனையும் பொருந்துகிறது, அதனால் வேலை செய்யும் என்று நம்புவதுதான் இங்கே தவறு. ஒரு முனை டிஸ்ப்ளேபோர்ட், மறுமுனை எச்டிஎம்ஐ என்று விற்கும் சாதாரணக் கேபிள் ஒருவழிப் பாதை. டிஸ்ப்ளேபோர்ட் முனை கம்ப்யூட்டரில், எச்டிஎம்ஐ முனை மானிட்டரில். எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள லேப்டாப்பை டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டரோடு சேர்க்க அதையே திருப்பி மாட்டினால் 'நோ சிக்னல்'தான். அதற்கு உள்ளே சிப் வைத்த, பல நேரம் யூஎஸ்பி வழியே தனியாகப் பவரும் கேட்கும் கன்வெர்ட்டர் வேண்டும். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கும் சிப் உள்ளதே வேண்டும், ஏனென்றால் ஒன்று டிஜிட்டல், மற்றது அனலாக். வெறும் ஒயரால் அதை மாற்ற முடியாது. யூஎஸ்பி-சி இன்னும் ஏமாற்றும். ஓட்டை ஒரே வடிவம்தான், ஆனால் எல்லா யூஎஸ்பி-சி போர்ட்டும் வீடியோ அனுப்பாது. போர்ட் அனுப்பினாலும், போனோடு வந்த சார்ஜிங் கேபிளில் வீடியோவுக்கான இழைகள் பெரும்பாலும் இருக்காது.

இத்தனையும் சரி, அப்புறமும் வரவில்லையா? கம்ப்யூட்டர் உண்மையிலேயே ஓடுகிறதா என்று இப்போது கேட்க வேண்டும். லைட் எரிவதால் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. இரண்டு நிமிடம் விட்டு, கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, தேட வேண்டியது படம் போகும் வழியில். விளக்கு அசையவே இல்லை என்றால் கம்ப்யூட்டர் முழுதாகக் கிளம்பவில்லை. அப்போது ரேமைப் பார்க்கலாம். பவர் ஒயரைப் பிடுங்கிய பிறகு, கழற்றி, 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பது பலருக்கு முதல் வேலை. எனக்கு அது கடைசி வேலை. தேய்த்தவர்கள் பலருக்குச் சரியானது, தேய்த்ததால் அல்ல, கழற்றி மாட்டியதால். புதிய டிடிஆர்5 ரேம் போட்டிருந்தால் மட்டும் பொறுமை வேண்டும். முதல் தடவை அது தன்னைச் சரிசெய்துகொள்ள சில நிமிடங்கள்கூட எடுக்கும், திரை அதுவரை கறுப்பாகவே இருக்கும். பயந்துபோய் நடுவில் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து.

ஆன் செய்ததும் கம்பெனி லோகோ வந்து, விண்டோஸ் வரும் நேரத்தில் சிக்னல் போனால் கேபிளை விட்டுவிடுங்கள். லோகோவைக் கொண்டுவந்ததும் அதே கேபிள்தானே. டிரைவரோ (கார்டை இயக்கும் மென்பொருள்) டிஸ்ப்ளே செட்டிங்கோதான் காரணம். கீபோர்டில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அப்படியும் வராவிட்டால் சேஃப் மோட், அதாவது அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸைத் தொடங்கும் முறை. ஒரு விதிவிலக்கு உண்டு. 4கே மானிட்டரை 60 ஹெர்ட்ஸில் ஓட்டப் பழைய எச்டிஎம்ஐ கேபிள் தாங்காமல் போகலாம். லோகோ குறைந்த ரெசல்யூஷனில் வந்துவிடும், விண்டோஸ் முழு வேகத்துக்குப் போகும்போது அறுந்துவிடும். விட்டு விட்டு வந்து போவதும் இதன் அடையாளம்.

கைக்குக் கிடைத்த கேபிளை நம்பி மாற்றிப் பார்ப்பதைப் பற்றி என் கதையைத்தான் சொல்ல வேண்டும். ஒருநாள் எனக்கும் 'நோ சிக்னல்'. டிராயரில் இருந்த இன்னொரு கேபிளை மாட்டினேன், அதே நிலை. இரண்டு கேபிளும் எப்படிக் கெடும், கார்டுதான் போயிருக்கும் என்று முடிவுகட்டினேன். கார்டைக் கழற்றினேன், ரேமைக் கழற்றினேன், மதர்போர்டில் இருக்கும் சின்ன பயாஸ் பேட்டரியைக்கூடப் பிடுங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் டிவியின் கேபிளைக் கொண்டுவந்து மாட்டினான். படம் வந்தது. டிராயரில் இருந்தது, இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே கோளாறுக்காக நானே கழற்றி உள்ளே போட்ட கேபிள்.

மாற்றிப் பார்க்கும் கேபிள், வேறொரு இடத்தில் இந்த நிமிடம் வேலை செய்துகொண்டிருப்பதாக இருக்க வேண்டும். கெட்டது என்று தெரிந்த கேபிளை அன்றைக்கே கத்தரியால் வெட்டிவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.