போர்ப் படம் பற்றிச் சண்டை போடுவதற்கு முன்

'சேவிங் பிரைவேட் ரயன்' பெரிதா, 'தி தின் ரெட் லைன்' பெரிதா? எங்கள் நண்பர்கள் வட்டத்தில் இந்த ஒரு கேள்வியால் எத்தனையோ டீ ஆறிப்போயிருக்கிறது. இரண்டும் 1998-இல் வந்தவை, இரண்டும் இரண்டாம் உலகப் போர். ஒன்று பிரான்சின் நார்மண்டிக் கடற்கரை, மற்றது பசிபிக்கில் குவாடல்கனால் தீவு. ஆஸ்கரில் முதல் படத்துக்கு 11 பரிந்துரை, 5 விருது. இரண்டாவதற்கு 7 பரிந்துரை, விருது ஒன்றும் இல்லை. கடைசியில் சிறந்த படம் விருதை ஒரு காதல் நகைச்சுவைப் படம் தட்டிக்கொண்டு போனது தனிக்கதை.

இத்தனை வருடம் வாதாடியதில், நாங்கள் படத்தைப் பற்றிப் பேசியது குறைவுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஒருவன் சத்தத்தைப் பற்றிப் பேசுவான், இன்னொருவன் வரலாற்றை இழுப்பான், மூன்றாமவன் ராணுவத்தின் மேல் தனக்கிருக்கும் மரியாதையைப் பேசுவான். ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, அடுத்தவனுக்கு ரசனை இல்லை என்போம். அந்தத் தப்புகளில் சிலவற்றைத்தான் சொல்லப் போகிறேன். பாதி நானே செய்தவை.

'அப்படியே நிஜம் மாதிரி இருக்கு' என்பதையே தீர்ப்பாக்குவது

ரயன் படத்தில் நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படை தரையிறங்கும் காட்சி இருபது நிமிடத்துக்கும் மேல் ஓடும். படகின் முன்கதவு விழுந்ததும் முன்வரிசையில் நின்றவர்கள் காலெடுத்து வைப்பதற்குள் சுருண்டு விழுகிறார்கள். ஒருவன் அறுந்து கிடக்கும் தன் கையைக் குனிந்து எடுத்துக்கொண்டு நடக்கிறான். 'போர்னா இதுதான்' என்று அங்கேயே மார்க் போட்டுவிடுகிறோம்.

ஆனால் அந்த நிஜம் உட்கார்ந்து செய்த நிஜம். ஒளிப்பதிவாளர் யானுஸ் காமின்ஸ்கி கேமராவில் ஒளியைத் திறந்து மூடும் ஷட்டரின் கோணத்தை வழக்கமான 180 டிகிரியிலிருந்து 90, 45 என்று இறக்கினார். அப்போது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரம் குறைகிறது. அசைவில் வரும் மழுங்கல் போய்விடுகிறது. வெடித்துக் கிளம்பும் மண் துகள் துகளாகத் தெரிகிறது, ஓடுகிறவன் வெட்டி வெட்டி நகர்கிறான். நம் கண் உலகத்தை அப்படிப் பார்ப்பதில்லை. பழைய போர்க்களச் செய்திப்படங்களின் சாயலைக் கொண்டுவரத்தான் இந்த வேலை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, அபாரமான கைவேலை. கைவேலை என்று தெரிந்து பாராட்டலாமே.

அந்தக் காட்சியின் கடைசியில் நான் பல தடவை பார்த்தும் கவனிக்காமல் விட்ட ஓர் இடம் உண்டு. இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு வந்து என்னவோ கெஞ்சுகிறார்கள். அமெரிக்க வீரர்கள் அவர்களைச் சுட்டுவிட்டு ஜோக் அடிக்கிறார்கள். செத்தவர்கள் பேசியது ஜெர்மன் அல்ல, செக் மொழி. நாங்கள் செக்காரர்கள், யாரையும் கொல்லவில்லை என்றுதான் கெஞ்சியிருக்கிறார்கள். ஜெர்மன் படையில் கட்டாயத்தின் பேரில் சேர்க்கப்பட்ட வேற்று நாட்டவர்கள் நார்மண்டியில் நிஜமாகவே இருந்தார்கள். படம் இங்கே சப்டைட்டில் போடவில்லை. சுட்டவனுக்கு எவ்வளவு புரிந்ததோ நமக்கும் அவ்வளவுதான் புரிகிறது. ரத்தத்தை லிட்டர் கணக்கில் அளப்பதற்குப் பதிலாக இந்தச் சில விநாடிகளை வைத்துப் பேசினால் வாதம் எங்கோ போகும்.

தின் ரெட் லைனில் தரையிறங்குவது இதற்கு நேர்மாறு. வீரர்கள் பயந்து நடுங்கியபடி கரையேறுகிறார்கள், ஒரு குண்டுகூட வெடிப்பதில்லை. காட்டுக்குள் வரிசையாகப் போகும்போது எதிரே அந்தத் தீவுக்காரப் பெரியவர் ஒருவர் வருகிறார். இவர்களைத் திரும்பியும் பார்க்காமல் தன்பாட்டுக்கு நடந்து போய்விடுகிறார். 'எப்படா சண்டை வரும்?' என்று கேட்ட என் நண்பன் சண்டை வருவதற்குள் தூங்கிவிட்டான். 1942 ஆகஸ்டில் குவாடல்கனாலில் முதலில் இறங்கிய அமெரிக்க மரைன்களை, அதாவது கடல்வழி வந்து இறங்கிச் சண்டை போடும் படையினரை, எதிர்க்கவும் கரையில் ஆளில்லை. நிஜம்தான் அளவுகோல் என்றால் அந்த அமைதியும் நிஜம்தானே?

பட்டன் எண்ணுவது

இது வரலாறு படித்தவர்களின் வியாதி. சீருடையில் பட்டன் ஒன்று கூடுதல், அந்த வருடத்தில் அந்த டாங்கி கிடையாது, அந்தப் பதக்கம் இடப் பக்கம் குத்த வேண்டும் என்று பட்டியல் போடுவது. கண்டுபிடிப்பதில் ஒரு குஷி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பிழைக்கும் ஒரே எடை கிடையாது.

2000-இல் வந்த 'யு-571' படத்தில் அமெரிக்க மாலுமிகள் ஜெர்மன் நீர்மூழ்கிக்குள் புகுந்து ஜெர்மானியர் ரகசியச் செய்தி அனுப்பப் பயன்படுத்திய எனிக்மா இயந்திரத்தை எடுத்துவருகிறார்கள். உண்மையில் 1941 மே மாதம் யு-110 நீர்மூழ்கியில் ஏறி அதை எடுத்தவர்கள் பிரிட்டனின் புல்டாக் போர்க்கப்பல்காரர்கள். அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை இந்த விஷயம் போனது. இது பட்டன் பிழை இல்லை, ஒருவர் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதியது.

1971 இந்திய-பாகிஸ்தான் போரின் லோங்கேவாலா சண்டையை வைத்து 1997-இல் வந்த 'பார்டர்' படத்தில் சுனில் ஷெட்டி நடித்த பைரோன் சிங் வீரமரணம் அடைகிறார். நிஜ பைரோன் சிங் ராத்தோர் 2022 டிசம்பர் வரை வாழ்ந்தார். தான் செத்துப்போன படத்தை நாடே கொண்டாட, ஒரு மனிதர் கால் நூற்றாண்டு அதோடு வாழ்ந்திருக்கிறார். பிழையைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல், அது எதற்காக வைக்கப்பட்டது என்று கேட்டால் படத்துக்குள் போக வழி கிடைக்கும். பார்டரைப் பொறுத்தவரை என் பதில், உயிரோடு திரும்பியவனுக்காக அந்தப் படத்துக்கு அழத் தெரியவில்லை என்பதுதான்.

'போர் எதிர்ப்புப் படம்' என்று சொல்லி முடித்துவிடுவது

சாவைக் காட்டினால் போரை எதிர்க்கிறது என்று ஆகிவிடாது. போரைப் பற்றிய எந்தப் படமும் கடைசியில் போரின் பக்கமே போய்விடுகிறது என்ற கருத்தில் பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோ 1973-லேயே பேசினார். திரையில் ஓட்டமும் வெடியும் தோழமையும் வந்தால் உடம்பு தானாகவே சூடாகிறது, என்ன செய்வது?

இதற்கு நல்ல சாட்சி 2005-இல் வந்த 'ஜார்ஹெட்'. வளைகுடாப் போருக்குப் போகவிருக்கும் மரைன்கள் ஓர் அரங்கில் 'அபோகலிப்ஸ் நவ்' பார்க்கிறார்கள். வாக்னரின் இசை ஒலிக்க ஹெலிகாப்டர்கள் வியட்நாம் கிராமத்தின் மேல் பாயும் காட்சி. போரின் பைத்தியக்காரத்தனத்தைக் காட்டுவதாக உலகம் புகழ்ந்த அந்தக் காட்சிக்கு இவர்கள் கூடவே இசையைப் பாடிக்கொண்டு, 'சுடு சுடு' என்று கத்தி ஆர்ப்பரிக்கிறார்கள். நம்மூர் முதல் நாள் முதல் காட்சி தோற்றது. டைரக்டர் பேட்டியில் என்ன சொன்னார் என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எந்த நொடியில் நமக்குக் கைதட்டத் தோன்றியது என்று கவனித்தால் அதுவே நல்ல விமர்சனம்.

ராணுவத்தின் மேலுள்ள மரியாதையைப் படத்துக்கு மார்க்காகப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. எல்லையில் நிற்பவரின் தியாகம் பெரிது, சரி. அதற்காகத் திரைக்கதை ஓட்டையைச் சொன்னவன் தேசத்துரோகி ஆகிவிட மாட்டான்.

போர்க்களம் இல்லையென்றால் போர்ப் படமே இல்லை என்பது

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. கோபே நகரக் குண்டுவீச்சுக்குப் பிறகு ஓர் அண்ணனும் தங்கையும் பசியில் தேய்வதைச் சொல்லும் 1988-இன் ஜப்பானிய அனிமேஷன் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' பட்டியலில் வராதென்றால், அந்தப் பட்டியலே எனக்கு வேண்டாம்.

போர்க்களம் என்பது எங்கே ஆரம்பிக்கிறது என்றே சொல்ல முடியாத படமும் உண்டு. எலெம் கிளிமோவின் 1985 படம் 'கம் அண்ட் சீ'. 1943, ஜெர்மன் படை பிடித்துவைத்திருந்த பெலாரஸ். ஃபிளியோரா என்ற சிறுவன் கிளாஷா என்ற பெண்ணோடு தன் கிராமத்துக்குத் திரும்புகிறான். வீட்டில் ஆளில்லை. சூப் இன்னும் சூடு ஆறவில்லை. பொம்மைகள் தரையில் கிடக்கின்றன, ஈ மொய்க்கும் சத்தம் கேட்கிறது. எல்லோரும் தீவுக்குப் போய் ஒளிந்திருப்பார்கள் என்று அவன் ஓடுகிறான். பின்னால் ஓடும் கிளாஷா ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாள். வீட்டுச் சுவரோரம் பிணங்கள் குவிந்து கிடக்கின்றன. கேமரா அங்கே நிற்பதில்லை. அவளும் நிற்காமல் அவன் பின்னால் ஓடுகிறாள். பெலாரஸில் மக்களோடு எரிக்கப்பட்டவை 628 கிராமங்கள் என்று படத்தின் முடிவில் எழுத்தில் வரும்.

தின் ரெட் லைனுக்குத் தூங்கிய அதே நண்பனோடுதான் இதையும் பார்த்தேன். அவள் திரும்பியதை அவன் பார்க்கவே இல்லை; என் முகத்தைப் பார்த்துவிட்டு 'என்னடா?' என்றான். பத்து விநாடி பின்னுக்கு ஓட்டிக் காட்டினேன். அன்றைக்கு எது பெரிய படம் என்று யாரும் கேட்கவில்லை.